ஈரச்சாக்கில் கட்டிய நூடுல்ஸ்

ஆமாம், தின்றேன். நடுத்தெருவில், ஆம்பளைகளுக்கு மத்தியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றபடிதான் தின்றேன். அதுவும் ஒரு கடையில் இல்லை, நாலு கடையில். எங்கள் ஊரில் அதை இன்றைக்கும் ஒரு குற்றமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன?

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து நண்டையும் இறாலையும் கூடையில் கட்டிக்கொண்டு பழவேற்காடு வரைக்கும் நடை, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், பிறகு மெட்ராஸுக்கு ரயில். அம்மா பார்த்துவந்த வேலை இது. வயிற்றில் புண் வந்து அவள் படுத்ததும் கூடை என் தலைக்கு வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: இது வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்த வயிறு.

வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. கூடைக்காரிகளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். கூடை காலியாகும் வரை வாயில் எதுவும் படக்கூடாது, பட்டால் யாவாரம் படுத்துவிடுமாம். காலியான பிறகும் வெளியில் கை நனைக்கக்கூடாது. விடியலில் கிளம்புகிறவள் பொழுது சாய்ந்து வீடு வந்துதான் சோற்றில் கை வைப்பாள். ஆம்பளைகள் மட்டும் தோணியில் உட்கார்ந்தே கஞ்சி குடிப்பார்கள். அதனால் மீன் ஓடிப்போய்விட்டதாக ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடற்கரை ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் அம்மா உட்கார்ந்த அதே இடத்தில்தான் நானும் கூடையை இறக்கினேன். எதிர்ச்சாரியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் தள்ளுவண்டி போட்டிருந்தார்கள். மத்தியானம் ஆனால் போதும், பூண்டும் வெங்காயமும் எண்ணெயில் பொரிகிற வாசனை தெருவைத் தாண்டி வந்து என் மூக்கில் ஏறும். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள், பாதி நண்டு கூடையில் கால் உதைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துப் பூக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

பச்சை வண்டி. அதிலிருந்த அக்கா மஞ்சள் நூடுல்ஸை குண்டானில் போட்டு, கோஸ், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தாள். இதுக்குப் பேர் அத்தோ என்றாள். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். அடேயப்பா! காரம் காதுவரை ஏறியது. கண்ணில் தண்ணி வழிய வழியத் தின்றேன். அன்றைக்குக் கடைசி நண்டுவரை விற்றுப்போனது.

ருசி பிடித்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அடுத்தடுத்த நாட்களில் மற்ற வண்டிகளையும் ஒரு கை பார்த்தேன். ஒன்றில் புளி தூக்கலாகிப் பல் கூசியது. இன்னொன்றில் சூப்பை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள், ஆனால் நூடுல்ஸ் ஆறிப்போய்க் கிடந்தது. தெருக்கோடிக் கடையில் மொய்ங்கா கிடைத்தது, நூடுல்ஸ் மேல் மீன் சாற்றைக் கெட்டியாக ஊற்றித் தருவார்கள். பழைய மீன். இஞ்சியைப் போட்டு அமுக்கியிருந்தார்கள். என்கிட்டேயேவா? "நாளைக்கு நான் நல்ல மீனு கொண்டாரட்டா?" என்று கேட்டேன். "உன் வேலயப் பாத்துக்கினு போம்மா" என்றார் கடைக்காரர். மறுநாள் பச்சை வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

எங்கள் தெருவிலிருந்து கூடை சுமந்து வரும் அத்தை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் நேராக நைனாவிடம் போய்ப் பற்றவைத்தாள். "உன் பொண்ணு ரோட்ல நின்னுக்கினு புழு தின்றா. நாம தூண்டில்ல கோக்கறமே, அதே புழு!"

நைனா என்னைக் கூப்பிட்டார். "கூடையக் கீழ வை. இனிமே உனக்கு மெட்ராஸ் கெடையாது."

கூடை போனால் எனக்கு மிச்சம் ஏரிச் சேறும் அடுப்பும்தான். ரயில் போய்விடும், தெரு போய்விடும், என் இஷ்டத்துக்கு நான் பேசுகிற ஒரே இடம் போய்விடும். "புழுவா இன்னானு கொண்டாந்து காட்டறேன். இன்னும் ஒரே ஒரு தபா வுடு நைனா" என்றேன். சரி, அந்தக் கலீஜை நானும் பார்க்கிறேன் என்று விட்டார்.

பச்சை வண்டி அக்காவிடம் காய்ந்த நூடுல்ஸ் கொஞ்சம் வாங்கினேன். இங்கேதான் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். நண்டு கட்டிப் பழகிய கை. கூடைக்குள் எது போனாலும் சாக்கை நனைத்துத்தான் சுற்றும், வழியில் குழாயைக் கண்டால் இன்னும் ரெண்டு கை தண்ணி தெளிக்கும். நூடுல்ஸையும் அப்படியே சுற்றி, அப்படியே தெளித்து, பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. சாக்கைப் பிரித்தால் உள்ளே மஞ்சளாக ஒரு களி உருண்டை. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "புழுவுன்னா நெளியும். இது செத்தே போச்சேடி!" என்றாள் அத்தை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, அந்த உருண்டையை நண்டுச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்து, தட்டில் கொட்டிக்கொண்டு அத்தனை பேர் எதிரிலும் உட்கார்ந்தேன். கண்றாவி. பசை மாதிரி அண்ணத்தில் ஒட்டியது. கடைசி வாய்வரை தின்றுவிட்டுத்தான் தலை நிமிர்ந்தேன்.

"ஊரான் துன்றத தலைல தூக்கினு போறேன் நைனா. என் வயிறு மட்டும் இன்னாத்துக்குக் காயணும்? அம்மா வயித்தப் பாத்தியா நீ?"

"ரோட்ல துன்றது நம்ம பொம்பளைங்க பழக்கம் இல்ல" என்றார் அவர்.

உள்ளே படுத்திருந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் என்னைத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கடைல துன்ன?"

"ஸ்டேஷன்கிட்ட ஒரு அக்கா கீறாங்கம்மா."

"பச்ச வண்டியா?"

"ஆமா."

அம்மா படியில் மெதுவாக உட்கார்ந்தாள். "அதுக்கு எதுத்தாப்புலதான் அத்தினி வருசமும் கூட வெச்சிருந்தேன். தெனமும் அந்த வாசன. ஒருநாளு கூட ரோட்டத் தாண்டல." அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள். "நல்லாக்குதா?"

நல்லா இருக்கும்மா என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். நைனா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவளைக் காரமே தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். இனி அவள் ரோட்டைத் தாண்டியும் பிரயோசனமில்லை.

மறுநாள் விடியலில் கூடையை அம்மாவே கட்டினாள். சாக்கை நனைத்தாள், நண்டைச் சுற்றினாள், என் தலையில் தூக்கி வைத்தாள். நைனா துடுப்பைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். அத்தையும் தன் கூடையோடு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேர் காதிலும் விழுகிற மாதிரி அம்மா சத்தமாகச் சொன்னாள்.

"போனதும் மொதல்ல சாப்டு. அப்பறமா கூடையப் பிரி."