இரண்டு ஜாடி புளிக்காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமையானால் உங்கள் அம்மாவும் நானும் வாரத்துக்கு ஆகும் தொக்கையும் பொடியையும் குழம்பையும் செய்து, டப்பாக்களில் அடைத்து பிரிட்ஜில் வைக்கிறோம். நீங்கள் இருவரும் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறீர்கள். "நம்ம ஊட்டு பிரிட்ஜைத் தொறந்தா மெடிக்கல் ஷாப் மாதிரி கீது" என்று சின்னவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. கோபமில்லை. ஆனால் போன வாரம் பெரியவள் ஒரு கேள்வி கேட்டாள். கணக்குக்கு மேல் எப்போதும் ஒரு டப்பா இருக்கிறதே, அது யாருக்கு என்று. வாயால் பதில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பிச்சாட்டூருக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. நைனா சென்ட்ரிங் வேலைக்குப் போவார். அம்மா கழனி வேலைக்கு. அக்காவுக்குத் திருப்பதியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தீபாவளிக்குள் ஹாஸ்டல் பணம் கட்டினால் படிப்பு. கட்டாவிட்டால் அவளும் அம்மாவோடு களை எடுக்கப் போக வேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்கா மட்டும் காலண்டர் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

பணம் சேர்க்க அம்மா தேர்ந்தெடுத்த மாதம் புரட்டாசி. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மற்ற மாதங்களில் நைனாவிடம் இந்த வாரம் கறி வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சண்டைதான். புரட்டாசியில் அம்மா வாயைத் திறக்கவே வேண்டாம். பெருமாளே கறிக்கடைக்குப் போகும் காசை நிறுத்திவிடுவார். இன்னும் குறைக்க வேண்டியிருந்த செலவு நைனாவின் ஓட்டல் டிபனும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையில் வாங்கும் சில்லறைச் சாமானும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஒரே நாளில் பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய ஜாடி நிறையப் புளிக்காய்ச்சல். சுடுசோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால் ஆளுக்கு ஒரு வேளை முடிந்தது. நல்லெண்ணெய் மேலே மிதக்கும் அந்த ஜாடி இரண்டு வாரம் தாங்கும்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னாமே, உங்க ஊட்டு அடுப்புக்கு வாரம் பூரா லீவா?" என்பார்.

"அது கவுருமெண்டு வேலைல சேந்துக்கிச்சுக்கா. இனிமே அப்படித்தான்" என்பாள் அம்மா.

பெருமாள் பெயரைச் சொல்லிச் செலவைக் குறைத்த அம்மா ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அதே புரட்டாசியில்தான் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு திருமலைக்கு நடப்பவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போவார்கள்.

அன்று திங்கட்கிழமை. முந்தின நாள்தான் ஜாடி நிறைந்திருந்தது. மூட்டமாக இருந்ததால் நைனாவுக்கு வேலையில்லை. அம்மாவும் அக்காவும் கழனிக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் "கோவிந்தா, கோவிந்தா" என்று குரல். ஒரு கூட்டம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. ஒதுங்க இடம்தான் கேட்டார்கள்.

நைனா விடுவாரா? "உள்ள வாங்க சாமி, உள்ள வாங்க. சாப்டீங்களா?"

"காலைல இன்னாவோ துன்னோம் நைனா. பரவால்ல" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியம்மா.

கோவிந்தா என்று வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நைனா பெரிய குண்டானில் சோறு வடித்தார். அப்புறம் ஜாடியை எடுத்தார்.

"நைனா, ஒரு கரண்டிதான் போடணும். அம்மா திட்டும்" என்றேன்.

"சாமிங்களுக்குப் போய் கரண்டி அளப்பாங்களாடா?" என்று சொல்லிக்கொண்டே ஜாடியை அப்படியே கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்ததையும் சுடுசோற்றை உள்ளே போட்டு வழித்தெடுத்தார்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவும் அக்காவும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மா முதலில் பார்த்தது ஜாடியைத்தான். அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். சொம்பை எடுத்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றப் போனாள். அம்மா காலைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னும் கொஞ்சம் வச்சிக்குங்க சாமி" என்று இரண்டாம் தரம் பரிமாறினாள்.

"இது ஊட்டுல செஞ்சதா? பெருமாள் கோயில் மடப்பள்ளியில செஞ்ச மாதிரி கீதே" என்றார் அந்தப் பெரியம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு வச்சது இது! அக்கா படிப்புக்காக அம்மா மிச்சம் பிடிக்குது!" என்றேன்.

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடந்து போறவங்களுக்குப் போட்ட சோத்துக்குக் காசு வாங்கினா நல்லாருக்குமா? உள்ள வைம்மா."

மழை விட்டு அவர்கள் கிளம்பிய பிறகுதான் அம்மாவுக்கு வாய் திறந்தது. "ஏன்யா, பெருமாளுக்குப் பாதி ஜாடி போதாதா?"

"மழைல நனைஞ்சிக்கினு வந்தாங்கமே..."

"நான் மட்டும் கழனில குடை புடிச்சிக்கினு நின்னேனா?"

நைனா குண்டானைத் தேய்க்கப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்கக் கேழ்வரகுக் களியும் வரப்பில் பறித்த கீரையும்தான். நைனா டீக்கடைப் பக்கமே போகவில்லை. "நான் வேணா அடுத்த வருசம் சேந்துக்கறேம்மா" என்றாள் அக்கா. "வாய மூடுடி" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் வேறொரு மஞ்சள் கூட்டம் வந்தது. நைனா வாசலுக்கே வராமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஒரு வாலிபன் தோளிலிருந்த மூட்டையை இறக்கினான். "போன வாரம் இங்க சாப்ட்ட பெரியம்மா எங்க ஊருதான். மலைலேந்து பஸ்ல ஊருக்குத் திரும்பி வந்து இத குடுத்து அனுப்பிச்சாங்க. இது காசு இல்லியாம், அதனால நீங்க வேணான்னு சொல்லக் கூடாதாம்." உள்ளே அவர்கள் மரத்துப் புளி, ஒரு கேன் நல்லெண்ணெய், கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய்.

திருமலை வரைக்கும் நடக்க வேண்டியவன் இவ்வளவு பாரத்தையும் சுமந்து வந்திருந்தான். அம்மா மூட்டையைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளி கரைத்ததும் மிளகாய் இடித்ததும் நைனா. இடித்து இடித்து அவர் தும்மிய தும்மல் தெருமுனை வரை கேட்டது. தீபாவளி வரைக்கும் மளிகைக் கடைப் பக்கம் நாங்கள் அதிகம் போகவில்லை. தீபாவளிக்கு முன்பே ஹாஸ்டல் பணம் கட்டியாயிற்று. அக்கா ஒரு பெட்டியும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலுமாகத் திருப்பதி பஸ் ஏறினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜாடியைப் பற்றி. நைனா மிளகாய் இடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பியது இரண்டு ஜாடி. ஒன்றை மேலே, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். மற்றொன்றை அடுப்புக்குப் பக்கத்திலேயே, நைனா கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைத்தாள்.

எனக்குப் பதறிவிட்டது. "இங்க வச்சா நைனா மறுபடி எடுத்துக் குடுத்துடுவாரும்மா!"

"குடுக்கட்டுமேடா. அதுக்குத்தான் வச்சிகீறேன்."

இவ்வளவு பட்டும் அம்மாவுக்குச் சிக்கனம் வரவில்லையே என்று அன்று உண்மையாகவே வருத்தப்பட்டேன். அம்மா பார்க்காதபோது அந்த ஜாடியையும் தூக்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலையில் அது மறுபடி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பெரியவளே, அந்த அதிகப்படி டப்பா உன் தாத்தாவின் பங்கு.