ஆடிக் கடைசி வெள்ளியில் எடுத்த படம்

இன்று தென்காசியில் ஃபிரேம் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ரிட்டயர்டு ஏட்டு அண்ணாச்சி ஒருவர், அப்பா அம்மாவின் பழைய போட்டோவோடு நின்றார். பின்பக்கம் குற்றாலத்து ஸ்டுடியோ முத்திரை. கூடவே 15.8.1947 என்று தேதி.

"கீழ 'திருமண நாள்'னு போடுங்க. நாட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே நாள்லா!"

கடைக்கார அக்கா போனில் பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தார். "அண்ணாச்சி, அன்னைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. ஆடியில யாரு கல்யாணம் வச்சா?"

நானும் எட்டிப் பார்த்தேன். இருவர் கழுத்திலும் மாலை இல்லை. பெண்ணின் தலைமுடி, குளித்துவிட்டு வந்ததுபோல் விரிந்து கிடந்தது.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. சிவகிரியில் இருக்கும் தன் அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஏலே, கல்யாணம் ஆனி மாசம்லா. ஆடி பொறந்ததும் அம்மாவ தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மாசம் முடியுற வரைக்கும் அப்பா கண்ணுல படக்கூடாதுன்னு கண்டிஷன்."

"அப்ப இந்தப் போட்டோ?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "கொடியேத்தம் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு அம்மா போனாளாம். மத்தியானம் ஈரத்தலையோட வந்து நிக்கா. கொடி பாத்தா தலை எப்பிடிட்டீ நனையும்னு பெரியம்மா கேட்டாளாம்!"

அண்ணாச்சி படத்தைத் திருப்பி, குற்றாலத்து முத்திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"திருமண நாள எடுத்துருங்க. தேதி மட்டும் இருக்கட்டும். பாக்குதவங்க, கொடியேத்தத்துக்குத்தான் போனாங்கன்னு நெனைச்சுக்கிடட்டும்."

நாளைக்குச் சுதந்திர தினம். உங்கள் வீட்டில் அந்த முதல் கொடியேற்றம் பார்க்கப் போனவர்கள் உண்மையில் எங்கே போனார்கள்? எதற்கும் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.