மூன்றாவது மடிப்பு

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. இடது கையை எடுத்து மேஜைமேல் வைப்பேன். வாயை மூடிக்கொள்வார்கள்.

பழைய வடதுருவப் பயண நூல்களைச் சேர்ப்பது எனக்குப் பித்து. கனடாவின் செயின்ட் ஜான்ஸில் என் வீட்டில் நான் படுக்கத்தான் இடமில்லை, புத்தகத்துக்கு உண்டு. போன ஜனவரியில் ஒன்று சிக்கியது. பனியில் மாட்டி, பாதி ஆட்களோடு திரும்பிய ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் நாட்குறிப்பு. நாற்பது பிரதிதான் அச்சானதாம். கடைசி மூன்று தாள்கள் ஓரம் வெட்டப்படாமல், மடிந்து மூடியே இருந்தன. அந்தக் காலத்தில் வாங்கியவர்தான் மடிப்பைக் கிழித்துப் படிக்க வேண்டும். கிழிக்காத பிரதி எங்களுக்குப் பொக்கிஷம். கத்தியைப் பக்கத்திலேயே கொண்டுபோக மாட்டோம்.

என் நண்பன் லியோ விடவில்லை. அந்தக் கப்பலின் சமையல்காரர் அவனுடைய கொள்ளுத்தாத்தா. அவர் திரும்பவே இல்லை.

"டேய் கஸ், அவரு எப்படிச் செத்தாருன்னு நாலு தலைமுறையா எங்க வீட்ல கேட்டுட்டு இருக்கோம். உனக்குத் தாளு பெருசாடா?"

"செத்தவருக்கு இப்ப என்னடா அவசரம்?"

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. தலையாட்டினேன். அவன் மீன் அறுக்கும் கத்தியை எடுத்தான். மணி 3.50. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கர்ர்ரக்...

லியோ சத்தமாகப் படித்தான். "தீனி தீர்ந்தது. சமையல்காரனின் கையைக் கட்டினோம்."

மாடியில் தொம்மென்று ஏதோ விழுந்தது. மாடியில் யாரும் இல்லை. லியோவின் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு... அதிலிருந்து ரத்தம் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

"போதும்டா."

"இன்னும் ரெண்டுதான்."

3.53. கர்ர்ரக்...

"ஓடாமலிருக்கக் குதிகால் நரம்பை அறுத்தோம்."

லியோ அலறிக்கொண்டு சாய்ந்தான். பூட்ஸிலிருந்து ரத்தம் வழிந்தது. அறையெங்கும் தாரும் ஈரக் கம்பளியும் நாறின.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான்.

"விட்ருங்கய்யா... உங்களுக்கெல்லாம் நாந்தானே சமைச்சுப் போட்டேன்..."

அது லியோவின் குரல் இல்லை.

ஆனால் கத்தி அவன் கையில்தான் இருந்தது. அது மூன்றாவது மடிப்புக்கு நகர்ந்தது. கை, கால்... அடுத்தது கழுத்து. எனக்குப் புரிந்துவிட்டது.

பாய்ந்தேன். யாரோ பின்னாலிருந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கை அல்ல. நாலைந்து கைகள்...

மடிப்புக்கும் கத்திக்கும் நடுவில் என் இடது கையைச் செருகினேன்.

எலும்பு நொறுங்கும் சத்தம். வலி அப்புறம்தான் வந்தது.

புத்தகத்தை அறைந்து மூடினேன்.

அமைதி.

3.57.

லியோ பிழைத்தான். நொண்டுகிறான். நாங்கள் குடித்துவிட்டு வெட்டிக்கொண்டோம் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. துண்டான என் இரண்டு விரல்களையும் ஒட்டிவிடலாம் என்று டாக்டர் ஆளனுப்பினார். அறையைச் சல்லடை போட்டுத் தேடியும் அவை கிடைக்கவில்லை.

அன்று மூடிய புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. மார்ச்சில் கிழிந்த தாள்களைச் சரிசெய்யப் புத்தகத்தை வெர்னாவிடம் கொடுத்தேன். பழைய நூல்களைச் செப்பனிடுவது அவள் தொழில். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எதண்ணே ஒட்டச் சொல்றீங்க? மூணு மடிப்புமே வெட்டுப்படாமத்தான் இருக்கு."

பிறகு கடைசித் தாளை விரலால் தடவினாள். சிரிப்பு நின்றது.

"இந்த மூணாவதுக்குள்ள மட்டும் புடைப்பா என்னமோ இருக்குண்ணே... நீளமா, ரெண்டு..."

கத்தியை எடுத்தாள்.

"வெட்டிப் பாக்கட்டுமா?"