பூஜைக்குத் துடைத்த மூடிகள்

பத்தாவதோடு நின்றவள் நான். ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்ததை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் குடுவைகளைக் கழுவி, கிருமி நீக்கி வைப்பது என் வேலை. எங்கள் கூடத்தில் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறார்கள். என்றைக்கோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்தவை, குடுவைக்குள் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கும். அவற்றை எந்த உறுப்பின் புற்று என்று இனம் பிரிப்பதுதான் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்த ஒரு பெண்ணின் ஆராய்ச்சி. அவள் திருவிடைமருதூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். மணியை மட்டும் பார்த்து நெல் ரகம் சொன்னால் ஏமாந்து போவோம், தாளின் உயரம், கதிர், வயது எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். அப்படித்தான் செல்லின் மரபணு, புரதம் என்று எல்லா விவரத்தையும் கணினியில் சேர்த்துப் போட்டுப் பிரிக்கிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

மற்ற ஊர்க் கூடங்கள் வெளியிட்ட விவரங்களில் அவள் முறை நன்றாகவே வேலை செய்தது. எங்கள் செல்லை வளர்த்துச் சோதித்தபோதுதான் சிக்கல். நுரையீரல் என்று எழுதியிருந்த பெட்டியிலிருந்து எடுத்த செல், திரும்பத் திரும்பப் போட்டாலும் மார்பகக் கூட்டத்தில் போய் நின்றது.

அவளுடைய வழிகாட்டியான சார் சத்தம் போடவில்லை. "நுரையீரலையும் மார்பகத்தையுமே பிரிக்கத் தெரியல உன் கம்ப்யூட்டருக்கு. இதை நம்பி எப்படிம்மா தீசிஸ் குடுப்ப?" என்றார். முறை தவறென்றால் அவள் இத்தனை வருஷம் செய்தது எதுவும் நிற்காது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நான் கழுவுகிற இடத்துக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ஆயுத பூஜைக்கு ஃப்ரீசர் சுத்தம் பண்ணோமே, பெட்டி மூடியெல்லாம் யார் துடைச்சது?"

"எல்லாருந்தாம்மா."

"கழட்டியா?"

"கழட்டித்தான். கழட்டாம எப்படிச் சந்தனம் வைக்கிறது? நீயுந்தான் துடைச்ச."

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்ப எனக்கு நானே ஆப்பு வச்சுக்கிட்டனா?"

ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பூஜைக்கு முன்தினம் உறைபெட்டியின் பனியைச் சுரண்டி, பெட்டிகளை டிரை ஐஸில் வைத்துவிட்டு, மூடிகளைத் துடைத்துப் பொட்டு வைப்போம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் பொரி கலப்பதிலிருந்து எல்லாவற்றிலும் இருப்பேன். உள்ளே இருக்கும் குப்பிகளில் தேதி மட்டுந்தான் இருக்கும். பெயர் மூடியில்தான்.

சாரிடம் போய்ச் சொன்னாள். யார் மாற்றி வைத்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பெட்டியிலிருந்தும் செல்லை வெளியூருக்கு அனுப்பி, அதன் அடையாளத்தைச் சோதிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை அவள் வேறு எதையும் தொடவில்லை.

வந்தது. மூடிகள்தான் மாறியிருந்தன. சார் இரண்டு தடவை படித்தார். "உன் கணக்கு சரிம்மா. இதையும் சேர்த்தே எழுது" என்றார். பிறகு, மார்பகம் என்று எழுதிய பெட்டியை வைத்து வேலை செய்தது யார் என்று கேட்டார். அவளுக்கு அடுத்த மேசையில் இருந்தவன் எழுந்து நின்றான். அவன் மார்பகம் என்று நினைத்துச் சோதித்ததெல்லாம் நுரையீரல் செல், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அவள் சாருக்கு நன்றிகூடச் சொல்லாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் எல்லோருமாக உட்கார்ந்து குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினோம். சாயங்காலம்வரை பாதிதான் முடிந்தது.