ஞானையா சாரின் மூன்று விசில்

எங்கள் ஞானையா சார் பாளையங்கோட்டையில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கக் கூடாதா? பழைய மாணவர்களான எங்களைத் திரட்டி மாதம் ஒரு மலை ஏற்ற ஆரம்பித்தார். எங்களுக்கோ தொப்பை விழுந்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயசு. நான் பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் சாரிடம் வரமாட்டேன் என்று சொல்ல எவனுக்குத் தைரியம்?

சாருக்கு மலை உச்சியைவிடப் பத்திரம்தான் பெரிது. ஈரப் பாறையில் கால் வைக்காதே, தனியாகப் போகாதே, குரங்குக்கு முன்னால் பையைத் திறக்காதே. ஒரே ஒரு முறுக்கை எடுத்த பாவத்துக்கு நான் வாங்கிய ஏச்சு இருக்கிறதே, அப்பப்பா!

எங்கள் செட்டு கிங்ஸ்டனுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது வங்கி மேனேஜர். வழி காட்டும் கடிகாரம் வேறு கட்டியிருக்கிறான். "சாருக்கு வயசாயிட்டுவே. இனி நான் முன்னால போறேன், யாரு அவர் பேச்சைக் கேக்கா?" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தான். சார் காதுக்கும் அது போய்விட்டது. மனுஷருக்கு முகமே வாடிப்போனது. இந்தத் தடவை ஒழுங்காக நடத்திக் காட்டினால்தான் தலைமை தங்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

களக்காட்டு மலையடிவாரத்தில் சார் புது விதி போட்டார். "நான் மூணு தடவை விசில் ஊதுனா ஆபத்து. உடனே ஓடி வரணும். வெளங்குதாலே?"

"வெளங்குது சார்!"

யாரும் தவறிவிடக் கூடாதென்று சார் கடைசியாக வந்தார். ஓடையைத் தாண்டும்போது அவரே வழுக்கினார்; இரண்டு பாறைக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. ஊதினார், மூன்று தடவை.

முதல் விசிலுக்கே எங்கள் முதுகு நிமிர்ந்துவிட்டது. குதிகால் ஒட்டியது, கை தொடையோடு சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த விசிலுக்கு அசைந்தவனுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்தான். ஓடி வா என்பது காலையில் கேட்டது. அசையாதே என்பது எலும்பில் ஊறிக் கிடப்பது. கிங்ஸ்டன் நின்ற இடம் கட்டெறும்புப் புற்று.

"எலே, எறும்பு ஏறுதுலே" என்று உதடு அசையாமல் முனகினான்.

"பேசாதலே, சார் பாத்துருவாங்க" என்றேன் நான். வெட்கக்கேடு!

அன்றுதான் முதல் தடவையாக எங்களோடு வந்திருந்தாள் கிங்ஸ்டன் மனைவி ஸ்வீட்லின். நாகர்கோவிலில் படித்தவள். "என்ன, எல்லாரும் இப்படி நிக்கிய? சார் கூப்பிடுதாங்கல்லா!" என்று எங்களைத் தள்ளிவிட்டு ஓடினாள். கல்லைப் புரட்டி, காலை எடுத்து, துண்டால் கட்டி, தோள் கொடுத்துச் சாரை அழைத்து வந்தாள். நாங்கள் அப்போதும் அட்டென்ஷனில்தான்.

சார் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் இத்தனை வயசுக்குப் பிறகும் பயல்கள் நம் பேச்சைக் கேட்கிறான்களே என்ற சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

"ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றார். கிங்ஸ்டன் குதித்துக் குதித்து எறும்பைத் தட்டினான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வழி காட்ட முன்னால் நடந்தான்.

"நில்லுலே!"

நின்றான், மறுபடியும் அட்டென்ஷனில்.

சார் ஸ்வீட்லின் பக்கம் திரும்பினார். "இனி நீயே முன்னால போம்மா. எங்கிட்ட படிச்சவனுவளை நம்பி மலையேற முடியாது."