லம்பேட் அங்கிளின் குடைக் காசு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பேசாலைக் கடற்கரை வீதியை வதிவிடமாகக் கொண்ட எனது சைக்கிளின் பின் டயர் இன்று காலை காலமானது. அன்னார் காலஞ்சென்ற முன் டயரின் பாசமிகு உடன்பிறப்பும், பிரேக் கட்டையின் ஆருயிர் நண்பரும் ஆவார்.

அன்று சந்தியில் நின்று, பிளாஸ்டிக் வாளியை வாயில் கவிழ்த்துப் பிடித்து, இப்படித்தான் நான் அறிவித்துக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி ஜூட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போது உண்மையான மரண அறிவித்தலோடு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வந்தது. அதே இழுவை, அதே "அன்னார்". பெயர் மட்டும் லம்பேட். வாளியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் கேற்றடியில் நின்று "கரண்ட் மீற்றர்!" என்று கூப்பிட்ட மனிதர். எனக்கு மதிலுக்கு அடுத்த பக்கத்துக்காரர். பாப்பரசர்மாரின் காசுகளைச் சேர்த்துவந்தார். உரோமாபுரிக்கு யாத்திரை போய்வந்த சிஸ்டர், இத்தாலியில் பிள்ளைகள் வேலைசெய்யும் தாய்மார், பழைய செபமாலைப் பெட்டியைக் கிண்டியவர்கள் என்று மீற்றர் பார்க்கப் போன வீடுகளில் ஆளாளுக்குக் கொடுத்தவை. ஒவ்வொரு காசும் ஒரு சின்ன உறையில் இருக்கும். கூடவே ஒரு துண்டு: எந்தப் பாப்பரசர், அவர் பதவிக்கு வந்து எத்தனையாம் வருஷம், யார் வீட்டில் கிடைத்தது.

ஒருமுறை ஒரு அக்கா தேய்ந்துபோன காசொன்றைக் கொண்டுவந்து, "பாப்பரசர் கையால ஆசீர்வதிச்சதெண்டு எழுதுங்கோ அண்ணை" என்றார்.

"ஆசீர்வதிச்சிருக்கலாம். நான் பார்க்கேல்லையே. மீற்றர் காட்டுறதைத்தான் நான் எழுதுவன்."

"அப்ப கம்பிக்குள்ள ஓடுற கரண்டை மட்டும் கண்டனீங்களோ?"

அங்கிள் மூக்குக்கண்ணாடி கழன்று விழும்வரை சிரித்தார். ஆனாலும் துண்டில் "தெரியாது" என்றுதான் எழுதினார். "தெரியாது எண்டு எழுதினா ஒருநாள் தெரியவரும். பொய்யை எழுதினா ஒருநாளும் தெரியவராது" என்பது அவர் பேச்சு.

அவருடைய செல்லம் குடைக் காசு. பழைய வள்ளச் சொந்தக்காரர் வீட்டில் கிடைத்த வெள்ளிக் காசு அது. குறுக்காக இரண்டு திறப்பு, மோட்சத்தின் சாவிகளாம்; மேலே ஒரு குடை. ஒரு பாப்பரசர் இறந்து அடுத்தவரைத் தெரிவு செய்வதற்குள் அடித்த காசில்தான் அந்தக் குடை இருக்குமாம்.

"அப்ப பாப்பரசர் இல்லாத நேரம் உரோமாபுரியில மழையோ, அங்கிள்?"

"மழை இல்லையடா. உன்னை மாதிரி ஆக்கள் எச்சில் தெறிக்கக் கதைப்பினம் எண்டுதான் குடை."

ஜூட்டுக்கு முன்னால் இப்படி வாங்கிக் கட்டினால் எனக்கு நித்திரை வருமா? ஒரு பின்னேரம் அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம், நான்கு உறைகளைத் திறந்து காசுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். குடைக் காசும் அதில் ஒன்று.

"நாலு பாப்பரசர்மாருக்கு இடமாற்றம் குடுத்திட்டன். எல்லாம் கஷ்டப் பிரதேசம்" என்று ஜூட்டிடம் பீற்றினேன்.

"எம்.பி.யைப் பிடிச்சு ரத்துச் செய்ய ஏலாதோ?"

"ஏலாது. மேலிடத்து உத்தரவு."

அந்த ஞாயிறு, லத்தீன் படித்த ஒரு ஃபாதர் குடைக் காசைப் பார்க்கவென்றே மன்னாரிலிருந்து வந்தார். அங்கிளின் மனைவி பெனடிக்ரா அன்ரி முற்றத்தில் கதிரை போட்டு, கேக் வெட்டி வைத்தார். நான் கூத்துப் பார்க்க மதிலில் ஏறியிருந்தேன். அங்கிள் குடையின் கதையை முழுதாகச் சொல்லிமுடித்து, உறையை ஃபாதரின் உள்ளங்கையில் கவிழ்த்தார். விழுந்தது இலேசான அலுமினியக் காசு.

"இதுவும் நல்ல காசுதான், ஐயா" என்றார் ஃபாதர், மெதுவாக.

அடுத்த உறை. அதற்கடுத்தது. எல்லாமே பிழை. "ஆரடா இந்த வேலை பார்த்தது?" என்று அங்கிள் கத்துவார், நான் மதிலில் இருந்து சிரிப்பேன் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்ரியைப் பார்த்து, "எனக்கும் மூளை பிசகுது போல, பெனடிக்ரா" என்றார். அவருடைய அண்ணன், தான் பெற்ற பிள்ளைகளையே மறந்துபோய்ச் செத்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மதிலின் மறுபக்கம் குதித்து ஓடினேன்.

அதன்பிறகு அவர் எல்லாத் துண்டுகளையும் கிழித்தார், சரியானவற்றையும் சேர்த்து. ஒவ்வொரு உறையிலும் "தெரியாது" என்று எழுதினார். பூசையில் வாசகம் வாசிப்பதையும் விட்டார். கிளினிக்கில் டொக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதைக்கூட நம்பவில்லை.

உண்மையைச் சொல்ல இரண்டுதரம் போனேன். முதல்தரம் சந்தைக்குள் புகுந்த கழுதையைப் பற்றிப் பகிடி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம்தரம் அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, இண்டைக்கு வியாழன்தானே?"

"ஓம் அங்கிள்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றார். பரீட்சையில் தேறிய சந்தோஷம் அவர் முகத்தில். சொல்ல வந்ததோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அங்கிளின் செத்தவீட்டிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அங்கிளின்ர காசெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பார்த்த உடன சொல்லுவன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதை நம்பித்தான் நானாட்டானில் இருக்கும் அவர் மகள் துண்டுகளைத் திரும்ப எழுதும்படி உறைகளை என்னிடம் தந்தார். இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னதும் அதனால்தான்.

எனக்குத் தெரிந்தது அந்த ஒரேயொரு குடைக் காசு. பாப்பரசர்மாரின் பெயரை ஃபாதர் வாசித்துச் சொல்லலாம். எது யார் வீட்டில் கிடைத்தது என்பது கிழிந்த துண்டுகளோடு போய்விட்டது. அவருக்குக் காசு கொடுத்தவர்கள் தயவுசெய்து வந்து, இதுதான் எங்கள் வீட்டுக் காசு என்று காட்டிவிட்டுப் போங்கள்.

போன சனிக்கிழமை அன்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"இதை அவரிட்டச் சொல்லியிருந்தா, அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும், தம்பி" என்றார். பிறகு, "அப்பிடியே எழுது. அவருக்கு ஒண்டும் பிசகேல்லை எண்டு சனம் அறியட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன். லம்பேட் அங்கிளுக்கு ஒன்றும் பிசகவில்லை. அவர் சிரித்திருக்கவேண்டிய அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது. அதை இனி யாரிடமும் கொடுக்க முடியாது.