பாதி மஞ்சளில் நின்ற சுவர்

அந்த லாட்ஜை அக்கா தேர்ந்தெடுத்ததே அதன் சுவருக்காகத்தான். கடலைப் பார்த்த உயரமான சுவர், மேலிருந்து கீழ்வரை நீலம். அதற்கு முன்னால் யார் நின்றாலும் அழகாகத் தெரிவார்கள் என்று வழியெல்லாம் போனில் காட்டிக்கொண்டு வந்தாள். கடற்கரைச் சாலையில் நாள்கணக்காக வண்டி ஓட்டிக் களைத்திருந்த மாமாவுக்கு ஒரு கட்டில் கிடைத்தால் போதும் என்றிருந்தது. துறைமுகத்தை ஒட்டிய கடைசித் திருப்பத்தில் வண்டி திரும்பியபோது, சுவரில் பாதி மஞ்சளாக இருந்தது. சாரத்தின் மேல் ஒரு பெயிண்டர் நின்று மீதியையும் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது அதானா?" என்றாள் அக்கா.

"போர்டு அதேதான்."

"நீலச் சுவருன்னுதானே வந்தோம்."

"உள்ள ஃபேன் ஓடுதான்னு பாப்போம் வா. சுவரையா கட்டிப் புடிச்சித் தூங்கப் போற?"

சாவிக்கொத்தோடு ஒரு பெண்மணி வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கைவரை மஞ்சள் புள்ளிகள். அவரும் பிரஷ் பிடித்திருக்கிறார். பெயிண்டர் அவரை 'லாட்ஜம்மா' என்றார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

"சாயங்காலம் வரைக்கும் வாடை இருக்கும். அப்புறம் கடக்காத்து அள்ளிட்டுப் போயிரும்," என்றார்.

"நீலம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அக்கா விடவில்லை.

"பாக்குறவங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அறை சுத்தமாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே மணல் இல்லை. ஜன்னல் கம்பிகளில் துரு ஏறாமல் எண்ணெய் தடவியிருந்தது. மாமா செருப்போடு சாய்ந்தார். அக்கா மின்விசிறிக்குக் கீழே கோபத்தோடு படுத்துக் கோபத்தோடு தூங்கிப்போனாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாரத்தின் நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கவிதையைப் பாதி படிப்பதற்குள் லாட்ஜம்மா எனக்கொரு டீயும் தனக்கொரு டீயுமாக வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சுக்குக்கூட இடம் விடுவதில்லை. முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு கவனித்தேன்: ஐஸ் பெட்டி தூக்கிப்போன இரண்டு பேர் எங்களைக் கடந்தபோது, எனக்குத் தலையசைத்தார்கள், அவரைத் தாண்டிப் பார்வையைக் கொண்டுபோய்க் கடலில் வைத்தார்கள். அந்த ஊரில் அவரோடு பேசுகிறவர்கள் எங்களைப் போல இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் மட்டும்தான்.

அந்த வீட்டைக் கட்டியவர் அவருடைய அப்பா. படகில் சுக்கான் பிடித்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தம்பியைக் குளிப்பாட்டி, அடித்து, படிக்க அனுப்பி, படிப்பு ஏறாமல் அவன் படகுக்குப் போனதும் ஒரு மூச்சு அழுது, எல்லாம் இவர்தான். கல்யாணமும் நடந்தது. ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த கணவர் வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போனார். "போனவரு போனவருதான்," என்றார் லாட்ஜம்மா, வராமல் போன தபாலைப் பற்றிச் சொல்வதைப் போல. அறைகளை வாடகைக்கு விட்டார். முதலில் இன்ஜின் மெக்கானிக்குகள், ஐஸ் ஃபேக்டரி ஆட்கள். கடற்கரைச் சாலை போட ஆரம்பித்த பிறகு எங்களைப் போன்றவர்கள்.

அந்தச் சுவர் அப்பா காலத்திலிருந்தே மஞ்சள். துறைமுக வாய் குறுகலானது. அதன் ஒரு பக்கம் முழுக்கப் பாறை. வெளியிலிருந்து வருகிற படகுகள் மஞ்சள் சுவருக்கு நேராக மூக்கை வைத்தால் பாறைக்குத் தப்பி உள்ளே வந்துவிடலாம். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, கடலுக்குப் போகாத மாதத்தில், ஒவ்வொரு படகிலிருந்தும் ஓர் ஆள் வந்து சுவருக்குப் புது மஞ்சள் அடித்துவிட்டுப் போவான்.

"எங்க வீட்டுச் சுவருதான். ஆனா எங்களுது இல்ல," என்றார்.

"அம்மா, நீங்க இப்படிக் கதை சொன்னா நானும் கீழ வந்து உக்காந்துருவேன்," என்றது மேலிருந்து ஒரு குரல். "அப்புறம் சுவரு இந்த லட்சணத்துலயே நிக்கும்."

"நீ அடிப்பா. இந்தக் கதை உனக்கு வேணாம்."

பெயிண்டர், சாலையில் அடுத்துள்ள பெரிய ஊர்க்காரர். உள்ளூரில் யாரும் இந்த வீட்டு வேலைக்கு வருவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கடலுக்குள் நீளும் கல் தடுப்பின் முனையில் படகுகளுக்கு வழிகாட்ட ஒரு விளக்கு வைத்தார்கள். அதே சமயம் லாட்ஜில் தங்கிய ஒருவர், சுவர் அரசாங்க ஆபீஸ் மாதிரி இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். நீலம் அடித்தால் போட்டோ எடுக்கவே கூட்டம் வரும் என்றார். லாட்ஜம்மா துறைமுக ஆபீசுக்குப் போய்க் கேட்டார். விளக்கு வந்த பிறகு யாரும்மா சுவரைப் பாக்கப் போறாங்க என்றார்கள். தம்பி அப்போது கடலில் இருந்தார். அவர் திரும்பி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று, இருக்கிற ஆட்களை வைத்து அவசர அவசரமாக அடித்து முடித்தார்.

தம்பி திரும்பிய அன்று தூறல். புது விளக்கு எரியவில்லை. கரையில் எல்லாமே சாம்பல் நிறம். தம்பி மஞ்சளைத் தேடினார்; மஞ்சள் கிடைத்தது. சாலை வேலைக்கு வந்த மஞ்சள் எந்திரங்களைத் துறைமுகத்தின் மறுகோடியில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தூறலில் அது ஒரு சுவராகத் தெரிந்தது. படகு பாறையில் ஏறி உடைந்தது. படகின் முன்னால் நின்றுகொண்டிருந்தது தம்பி மனைவியின் அண்ணன். அவர் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

"ஆபீஸ்ல கேட்டேன்," என்றார் லாட்ஜம்மா. டம்ளரில் ஆடை படிந்துவிட்டிருந்தது. "தம்பியக் கேக்கல."

அன்றிலிருந்து தம்பி இந்த வீட்டு வாசல் ஏறியதில்லை, கடலுக்கும் போனதில்லை. கரையில் வலை ஏற்றுவது, ஐஸ் உடைப்பது என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு முதன்முறையாக, நாளைக் காலையில் வேறொருவருடைய படகில் சுக்கான் பிடிக்கப் போகிறார். இதை ஐஸ் கடையில் யாரோ யாரிடமோ சொல்ல, இவர் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார். உடனே பஸ் ஏறிப்போய்ப் பெயிண்டரையும் மஞ்சளையும் கூட்டிவந்துவிட்டார்.

"அவன் திரும்பி வரும்போது சுவரு அப்பா காலத்துல இருந்த மாதிரி நிக்கணும். அவன் அதப் பாத்து உள்ள வந்தாப் போதும். எங்கூடப் பேச வேணாம்." டீயைக் கீழே ஊற்றினார். "பேசுனாலும் பேசுவான். சொல்ல முடியாது."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒருவர் ஏறக்குறைய ஓடிவந்தார். தோளில் நனைந்த சாக்கு, இடது காலில் ஓர் இழுப்பு. முகவெட்டைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது. லாட்ஜம்மா எழுந்து, மஞ்சள் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பெயிண்டரைப் பார்த்தார்.

"யாருய்யா உன்ன மஞ்சள் அடிக்கச் சொன்னது?"

"அம்மாதான்."

"அந்தம்மாகிட்ட சொல்லு, மூணு படகு இன்னும் வெளிய இருக்குன்னு. மூணு பேரும் வந்து நீலத்தத்தான் தேடுவானுங்க."

"என்னடா சொல்ற?" என்றார் லாட்ஜம்மா.

"அந்த விளக்கு நாலு நாள் எரிஞ்சா நாப்பது நாள் தூங்குது," என்று தம்பி பெயிண்டரிடமே சொன்னார். "மூணு வருஷமா எல்லாரும் நீலத்துக்கு நேராத்தான் மூக்க வெக்கிறாங்க. புதுப் பசங்களுக்கு இங்க மஞ்சள்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. இன்னொரு உசுரு வேணுமான்னு கேளு அந்தம்மாவ."

பெயிண்டர் பிரஷை டப்பாவுக்குள் வைத்தார். மஞ்சள் பொட்டுப் பொட்டாகக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

லாட்ஜம்மா குரலை உயர்த்தாமல் தம்பியைக் கேட்டார்:

"எனக்கு யாரு சொன்னா? மூணு வருஷத்துல எவனாச்சும் இந்த வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னானா? நீலந்தான் இப்ப அடையாளம்னு நீ சொன்னியா? பேசியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்லடா."

தம்பி குனிந்து, கீழே இருந்த பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தார்.

"நீலம் இருக்கா?" என்று பெயிண்டரைக் கேட்டார்.

"மஞ்சளுக்குத்தான் சொன்னாங்க. நீலம் வாங்கணும்னா எங்க ஊருக்குத்தான் போகணும். போய் வர்றதுக்குள்ள இருட்டிரும்."

தம்பி வந்த வழியே விந்தி விந்தி ஓடினார். திரும்பியபோது தோளில் நீலத் தார்ப்பாய்ச் சுருள், நாளைக்கு ஐஸை மூட வைத்திருந்தது. பெயிண்டர் அதன் மேல் முனைகளைச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மஞ்சள் மறைந்தது. ஆனால் காற்று கீழ்ப்பக்கத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு முனையைத் தம்பி பெஞ்சின் காலில் கட்டினார். மறுமுனையைக் கட்ட அங்கே எதுவும் இல்லை. லாட்ஜம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"சார்," என்றார் லாட்ஜம்மாவின் தம்பி என்னைப் பார்த்து, "அந்தம்மாவ நல்லா இழுத்துப் புடிக்கச் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். லாட்ஜம்மா ஏற்கெனவே முழு உடம்பாலும் இழுத்துப் பிடித்திருந்தார்.

"நான் புடிச்சிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க கெஸ்ட்டு. தள்ளி நில்லுங்க, பெயிண்ட் ஒட்டிரும்."

அப்போதுதான் அக்கா தூங்கி எழுந்து வெளியே வந்தாள். தலையைக் கோதிக்கொண்டே, "ஏங்க, இப்ப நீலமாத்தான் இருக்கு. சீக்கிரம் போன எடுத்துட்டு வாங்க," என்று உள்ளே குரல் கொடுத்தாள். பின்னால் வந்த மாமா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "சும்மா இரு," என்றார். அவள் என்ன என்று கண்ணால் கேட்டாள்.

முதல் படகு வெகுதூரத்தில் தயங்கி நின்றது போலிருந்தது. பிறகு மூக்கைத் திருப்பி நேராக எங்களைப் பார்த்து வந்தது. பாறையின் வெள்ளை நுரை அதன் பக்கவாட்டில் விலகிப்போயிற்று. அடுத்து இரண்டாவது. மூன்றாவது வர நேரமாயிற்று. கயிறு சுற்றிய விரல்கள் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. ஒவ்வொரு படகின் முன்னாலும் நின்றவன் சுவரைப் பார்த்தான். அதன் கீழே கயிறு பிடித்து நிற்கிறவரையும் பார்த்தான். ஒருவனும் கை தூக்கவில்லை.

மூன்றாவது படகு உள்ளே திரும்பியதும் தம்பி சாரத்து முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னார். தார்ப்பாய் தரையில் விழுந்தது. அவ்வளவு பெரிய தார்ப்பாயை மடிக்க இரண்டு பேர் வேண்டும்; ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். லாட்ஜம்மா தன் பக்கத்து முனைகளைத் தேடி எடுத்து, கைகளை அகட்டி நின்றார்.

தம்பி குனிந்து, தரையோடு தரையாக, முழங்காலால் அழுத்தி அழுத்தித் தானாகவே மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு கோணிக்கொண்டு போனது. பிரித்து மறுபடி மடித்தார். அவர் பக்கம் நெருங்கி வரவர, லாட்ஜம்மா கையிலிருந்த முனைகள் தாமாகவே உருவிக்கொண்டு போயின.

"ராத்திரியே நீலம் வாங்கிட்டு வந்துரு. காலையில நான் கிளம்பறதுக்குள்ள அடிச்சி முடிச்சிரு," என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

லாட்ஜம்மா மிச்ச மஞ்சள் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி போட்டு அழுத்தினார்.

"சுடுதண்ணி காலையிலதான் வரும்," என்றார் அக்காவிடம். "போட்டோவுக்கு அவசரப்படாதீங்க. காலையில முழுசா நீலமா இருக்கும்."